ஈரக்கால் போகும் வழி: உயர்தர விளையாட்டுக் கிளப்பின் லாக்கர் அறையும் கழிப்பறையும்

விளையாட்டுக் கிளப்பின் லாக்கர் அறை என்பது, உறுப்பினர் வெளியுடையைக் களைந்து ஆட்ட உடைக்கு மாறவும், ஆடி முடித்து வியர்வையோடு திரும்பியபின் குளித்துத் துவட்டி மீண்டும் வெளியுடை அணியவும், இடைப்பட்ட நேரத்தில் தம் உடைமைகளைப் பூட்டி வைக்கவும் பயன்படும் அறைத்தொகுதியாகும். வரவேற்புக் கூடத்தையும் உணவகத்தையும் முழு உடையோடும் காலணியோடும் கடந்துபோகும் உறுப்பினர், இங்கு மட்டுமே வெறுங்காலோடும் அரையுடையோடும் நிற்கிறார் என்பதால், கிளப்பின் தரத்தைக் கண்ணால் மட்டுமன்றி உள்ளங்காலாலும் மூக்காலும் அவர் அளந்துவிடும் இடமும் இதுவே. இருப்பினும், இவ்வறைக்கு ஒதுக்கப்படும் பணத்தின் பெரும்பகுதி இறக்குமதிப் பளிங்கிலும் பொன்முலாம் பூசிய குழாய்களிலும் கரைந்துபோக, தரையின் சரிவுக்கும் காற்றுப்போக்குக்கும் மிச்சம் மீதியே கிடைக்கிறது. திறப்பு விழாவன்று மின்னிய அறை அடுத்த மழைக்காலத்திலேயே பூஞ்சை வாடை வீசுவதற்குக் காரணம் இந்த ஒதுக்கீட்டுப் பிழைதான். தண்ணீரை அதற்குரிய எல்லைக்குள் நிறுத்தத் தெரிந்த அறையே நாளடைவிலும் அழகாக இருக்கும் என்பதை அடிப்படையாகக் கொண்டு, சென்னை போன்ற கடலோர, புழுக்கம் மிகுந்த நகரில் எழும் கிளப்பை முன்னிறுத்தி இவ்வத்தியாயம் அமைகிறது.

உடை மாற்றும் அறைக்கு நீண்ட வரலாறு உண்டு. பண்டைய ரோமானிய நகரமான பாம்பேயியின் ஸ்டேபியன் குளியல் மண்டபத்தில், குளிக்க வருவோர் உடை களையும் ‘அபோடிடீரியம்’ என்னும் கூடமும், அதன் சுவரில் துணிகளை வைப்பதற்கான மாடங்களும் இன்றும் காணக் கிடைக்கின்றன. இன்றைய லாக்கரின் மூதாதை அந்த மாடமே. ஆனால் மாடத்துக்குக் கதவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில், ரோமானியர் வழிபட்ட சூலிஸ் மினர்வா என்னும் தெய்வத்தின் ஊற்றிலிருந்து கிடைத்த ஏறத்தாழ 130 ஈயத் தகடுகளில் பல, தம் மேலாடையையும் குளியல் உடையையும் திருடியவனைத் தண்டிக்குமாறு தெய்வத்திடம் முறையிட்டு எழுதப்பட்டவை. உடையைக் களைந்து நிற்பவரின் முதல் கவலை உடைமையைப் பற்றியது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேவையில்லை; பூட்டு பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய சில்லறைச் சாமான் அன்று என்பதை வடிவமைப்பாளர் நினைவில் வைக்க வேண்டும்.

உலர்பகுதி, துவட்டுமிடம், ஈரப்பகுதி

லாக்கர் அறையின் வரைபடத்தைப் பளிங்கின் நிறத்திலிருந்தோ லாக்கர்களின் எண்ணிக்கையிலிருந்தோ தொடங்காமல், குளித்து வெளியே வருபவரின் ஈரக்கால் எவ்வழியே போகும் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதே முறை. லாக்கர்களும் பெஞ்சுகளும் ஒப்பனை மேடையும் அமையும் இடம் உலர்பகுதி. ஷவர்களும் நீராவி அறையும் அமையும் இடம் ஈரப்பகுதி. இவ்விரண்டுக்கும் இடையில், உடம்பிலுள்ள நீரை முழுவதும் துடைத்துவிட்டு அடியெடுத்து வைப்பதற்கென ஒதுக்கப்படும் குறுகிய பரப்பே துவட்டுமிடம். பெரும்பாலான வரைபடங்களில் விடுபட்டுப்போவது இந்த மூன்றாவது பகுதிதான். அது இல்லாதபோது, உறுப்பினர் சொட்டச் சொட்ட லாக்கர் வரை நடந்துவந்து அங்கே துவட்டிக்கொள்ள, பெஞ்சின் அடியில் நீர் தேங்கி, அடுத்து வருபவரின் காலுறை நனைகிறது. துவட்டுமிடத்துக்கு 1,200 மி.மீ. அகலமும், தனி வடிகாலும், இடைவெளி விட்டு அடித்த தேக்குச் சட்டங்களாலான மிதிபலகையும் போதும். துண்டு மாட்டும் கொக்கி ஷவர்த் தடுப்பின் வாயிலிலேயே, நனையாத, ஆனால் கை எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். கொக்கி எங்கே இருக்கிறதோ அங்கேதான் மனிதர் துவட்டுவார் என்பதால், அறையின் ஈர எல்லையைத் தீர்மானிப்பது உண்மையில் அந்தக் கொக்கிதான்.

கழிப்பறைக்குப் போகும் வழி ஷவர்ப் பகுதியினூடே செல்லக் கூடாது. காலணியோடு வருபவர் உலர்பகுதியிலிருந்தே கழிப்பறையையும் கைகழுவும் தொட்டியையும் அடைய வேண்டும். குளிப்பவருக்காக ஈரப்பகுதியில் தனியே ஒரு கழிப்பறையாவது அமைவது நல்லது. காலணித் தடமும் வெறுங்கால் தடமும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் எவ்வளவு துடைத்தாலும் சேறு படியும்; களிமண் டென்னிஸ் ஆடுகளம் உள்ள கிளப்பில் இது கண்கூடு. ஆகவே ஆடுகளத்திலிருந்து வரும் வாசலுக்கு வெளியிலேயே காலணி துடைக்கும் தூரிகையும் கால் கழுவும் குழாயும் அமைக்கப்பட வேண்டும்.

வாசல் திறக்கும்போது உள்ளே இருப்பவர் வெளியில் தெரியாதவாறு, நுழைவழி ஒருமுறையேனும் திரும்பிச் செல்ல வேண்டும் என்பது அனைவரும் அறிந்ததே. பலர் மறப்பது கண்ணாடியை. நேர்ப்பார்வையை மறைக்கும் சுவரைத் தாண்டி, ஒப்பனை மேடையின் முகக்கண்ணாடி உள்ளிருப்பவரைக் காட்டிக்கொடுத்துவிடும். வரைபடத்திலேயே வாசலிலிருந்து ஒவ்வொரு கண்ணாடிக்கும் கோடிழுத்து, அது எங்கே திரும்பி எதைத் தொடுகிறது என்று பார்த்துவிட்டால் இத்தவறு நேராது. கண்காணிப்புக் கேமரா வாசலுக்கு வெளியே மட்டுமே இருக்கலாம். உள்ளே வைப்பது ஒழுக்கக்கேடு மட்டுமன்று, பெண்களைப் பொறுத்தவரை பாரதிய நியாய சம்ஹிதையின் 77ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகவும் ஆகலாம்.

மேலைநாட்டு நூல்கள் காட்டும் திறந்த ஷவர்க் கூடம் இங்குள்ளோருக்கு ஒத்துவராது. பிறர் முன்னிலையில் உடை களையக் கூசும் பண்பாட்டில், ஒவ்வொரு ஷவருக்கும் தனித் தடுப்பும், அத்தடுப்புக்குள்ளேயே நனையாத ஒரு சிறு முன்னிடமும் இருந்தால்தான் அது பயன்படும். உடை மாற்றும் அறைகளின் அளவிலும் இறக்குமதி அளவுகோல் இடறுகிறது. 900 மி.மீ. சதுர அறையில் கால்சட்டை மாற்றலாம். ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமுள்ள புடவையின் கொசுவத்தை மடித்துச் செருகவும், முந்தானையைத் தோளில் போட்டுப் பார்க்கவும் முடியாது. அதற்கு 1,500 மி.மீ. சதுரத் தரையும், கால்வரை தெரியும் நிலைக்கண்ணாடியும், புடவை பட்டாலும் அழுக்காகாத உலர்ந்த தரையும் தேவை. கஞ்சிபோட்ட வேட்டியைக் கொக்கியில் மாட்டினால் மடிப்புக் கலைந்துவிடும் என்பதால், அதற்கு லாக்கருக்குள் ஒரு தட்டையான அடுக்கு வேண்டும். 2014ஆம் ஆண்டு சேப்பாக்கத்துக் கிரிக்கெட் கிளப் ஒன்றில் வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதி தடுக்கப்பட்டதைத் தொடர்ந்து, அத்தகைய உடைத் தடையை நீக்கித் தமிழ்நாடு அரசு சட்டமே இயற்றியது. வாசலில் அனுமதி பெற்ற வேட்டிக்கு லாக்கரில் இடமில்லாதிருப்பது வேடிக்கையே.

பெண்கள் பகுதி, ஆண்கள் பகுதியின் சுருங்கிய நகலாக அமையக் கூடாது. அமர்ந்து தலைமுடி உலர்த்தும் இடம், மாதவிடாய்க்கால அணையாடைக்கான மூடியுள்ள கூடை ஒவ்வொரு கழிப்பறையிலும், ஆண்கள் பகுதியின் மொத்தக் கழிப்பிடங்களுக்குக் குறையாத கழிப்பறை எண்ணிக்கை ஆகியவை அடிப்படைத் தேவைகள்.

தரை

உயர்தர லாக்கர் அறையின் மிகக் கடினமான வேலை தரைதான். நீர் தானாக வடிகாலை நோக்கி ஓடும்படி தரைக்குக் கொடுக்கும் சரிவைக் கொத்தனார்கள் ‘வாட்டம்’ என்பர். ஷவர்த் தரைக்கு மீட்டருக்கு 15 முதல் 20 மி.மீ. வாட்டம் போதும், அதற்குக் குறைந்தால் நீர் நிற்கும், மிகக் கூடினால் நிற்பவருக்குக் கால் சாய்வது தெரியும். இன்றைய நாகரிகமான 600க்கு 1,200 மி.மீ. பெருந்தட்டு டைல்களைப் பதித்துவிட்டு நடுவில் சதுர வடிகால் வைத்தால், நான்கு பக்கமும் வாட்டம் கொடுப்பதற்காக டைலைக் கடித உறை மடிப்பதுபோல் மூலைவிட்டமாக வெட்ட நேரும். வெட்டுக்கோடுகள் அழகைக் கெடுப்பதோடு, விளிம்புகள் காலில் குத்தவும் செய்யும். பெருந்தட்டுதான் வேண்டுமெனில், சுவரோரமாக நீள்வடிகால் அமைத்துத் தரை முழுவதற்கும் ஒரே திசையில் வாட்டம் கொடுக்க வேண்டும். அழகும் வடிகாலும் ஒரே முடிவாக எடுக்கப்பட வேண்டியவை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வழுக்காமையை அளக்க இரண்டு முறைகளை அறிந்திருப்பது நலம். ஊசல் சோதனையில், ரப்பர் பதித்த ஊசற்கை நனைந்த தரையை உரசிச் செல்லும்போது இழக்கும் ஆற்றல் எண்ணாகக் குறிக்கப்படும். 36 அல்லது அதற்கு மேல் வந்தால் வழுக்கும் ஆபத்து குறைவு எனக் கொள்ளப்படுகிறது. ஜெர்மானியத் தரமான டின் 51097 வகுத்த முறையில், சோப்புநீர் ஓடும் சாய்தளத்தில் வெறுங்காலோடு ஒருவர் நடக்க, கால் தடுமாறும் கோணத்தைக்கொண்டு தரை ஏ, பி, சி என வகுக்கப்படும். ஷவருக்கு 18 டிகிரியைத் தாங்கும் பி வகை தேவை. கடைக்காரர் காட்டும் ஆர் 9, ஆர் 10 போன்ற எண்கள் எண்ணெய் படிந்த தளத்தில் பூட்ஸ் அணிந்து நடந்து பெறப்பட்டவை. வெறுங்காலுக்கு அவற்றை நம்புவது பொருந்தாது.

தமிழ்நாட்டின் கிரானைட்டைத் தீயால் பொரித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினால், அது ஷவர்த் தரைக்கு மிகப் பொருத்தமான கல். அதையே மெருகேற்றினால் ஈரத்தில் எண்ணெய்க் கண்ணாடி. செட்டிநாட்டின் ஆத்தங்குடித் தளக்கற்களின் வண்ணமும் கைவேலையும் வேறெதற்கும் வராது என்றாலும், கண்ணாடித் தட்டின்மேல் வார்க்கப்படும் அவற்றின் வழவழப்பும் சிமெண்ட் உடலும் ஈரப்பகுதிக்கு ஒவ்வா. நுழைவிலும் ஒப்பனைப் பகுதியிலும் அவை அமைந்தால் கிளப்புக்கு ஊரின் முகம் கிடைக்கும். வெள்ளைப் பளிங்கைப் பொறுத்தவரை தயக்கமின்றி வேண்டாம் என்றே கூறலாம். பளிங்கு அடிப்படையில் சுண்ணாம்புக் கல். துப்புரவுப் பணியாளர் வழக்கம்போல் ஆசிட் ஊற்றிக் கழுவும் முதல் நாளிலேயே அது நுரைத்துப் பொங்கி மெருகிழந்து, பின் ஒவ்வொரு சோப்புக் கறையையும் உள்வாங்கும். ஆசிட் பளிங்கோடு நிற்பதில்லை: இடுக்குகளில் பூசிய சிமெண்ட் கலவையை அரிக்கும், அதன் ஆவி லாக்கர் கீல்களில் துருவேற்றும். எனவே இடுக்குகளுக்கு எபாக்சி பூச்சையும், துப்புரவுக்கு அமிலமும் காரமும் அற்ற நடுநிலைக் கழுவுநீர்மத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

ஈரத்தரை வெறுங்காலுக்குத் தரும் மற்றொரு தொல்லை சேற்றுப்புண். விரலிடுக்கில் பூஞ்சை பற்றி வரும் இந்நோய், ஈரம் காயாத பொதுத்தரையில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எளிதில் பரவும். இரவில் அறை மூடியபின் தரை முழுவதும் காய்ந்துவிடுகிறதா என்பதே இதற்கு உரிய சோதனை.

மணம், காற்று, வெந்நீர்

கழிப்பறையில் நாப்தலீன் உருண்டையோ வாசனைத் தெளிப்பானோ தேவைப்படுகிறது என்றால், அவ்வறையின் வடிவமைப்பு தோற்றுவிட்டது என்றே பொருள். துர்நாற்றம் வரும் வழிகள் இரண்டே. முதலாவது, தரை வடிகாலின் அடியிலுள்ள வளைந்த நீர்ப்பூட்டு, அதாவது கழிவுக்குழாயின் வாயு மேலே ஏறாதவாறு 50 மி.மீ. ஆழத்துக்கு நீர் நின்று அடைத்திருக்கும் பகுதி, அதிகம் புழங்காத இடத்தில் வறண்டுபோவது. குளிரூட்டிய அறையில் இது இன்னும் விரைவாக நிகழும். அருகிலுள்ள கைகழுவும் தொட்டியின் கழிவுநீரை அதே பூட்டின் வழியாக ஓடவிட்டால் அது வறளாது. இரண்டாவது, ஈரக்காற்று வெளியேறாமல் தங்குவது. மணிக்குப் பத்து முறை அறையின் காற்று முழுவதும் மாறும் அளவுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன்கள் இழுக்க வேண்டும். வெளியேறும் காற்றின் அளவு உள்ளே வரும் காற்றைவிடச் சற்று மிகுதியாக இருந்தால், வாடை கூடத்துக்குப் பரவாமல் கூடத்துக் காற்றே அறைக்குள் வரும். அந்த ஓட்டம் உலர்பகுதியில் நுழைந்து ஈரப்பகுதியில் வெளியேறுமாறு துளைகள் அமைய வேண்டும். ஈரத்துண்டும் காலணியும் அடைபடும் லாக்கர்களின் கதவில் கீழும் மேலும் துளையிட்டு, முதுகுப்புறக் குழாய் வழியே காற்றை இழுத்துக்கொண்டால், கிளப்புகளுக்கே உரிய அந்தப் பழைய சாக்ஸ் நெடி எழாது.

குளிரூட்டியை 22 டிகிரிக்கு இறக்குவதும் தவறு. நனைந்த உடம்புக்கு அது நடுக்கம். சென்னையின் ஈரக்காற்று கதவிடுக்கில் நுழைந்து குளிர்ந்த கண்ணாடியிலும் கூரைத் துளைகளிலும் நீராய்ப் படியும். 25 அல்லது 26 டிகிரியே ஏற்றது. நீராவி அறையின் கூரையைச் சாய்வாகவோ வளைவாகவோ கட்டாவிட்டால், அங்கே குளிர்ந்த நீர்த்துளிகள் அமர்ந்திருப்பவரின் உச்சந்தலையில் விழும்.

ஒரே ஆட்டம் முடிந்து பத்துப் பேர் ஒரே நேரத்தில் குளிக்க வருவதே வெந்நீர்க் கணக்கின் அடிப்படை. நிமிடத்துக்கு 9 லிட்டர் பாயும் ஷவரில் ஒருவர் ஐந்து நிமிடம் நின்றால் மொத்தம் 450 லிட்டர். 28 டிகிரி குழாய்நீரோடு 60 டிகிரி வெந்நீரைக் கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர, அதில் ஏறத்தாழ 170 லிட்டர் வெந்நீராக இருக்க வேண்டும். அதே கிளப் உதகையில் இருந்து, குழாய்நீர் 15 டிகிரியாக இருந்தால் 250 லிட்டர் தேவைப்படும். சென்னைக்கு வேறொரு தொல்லை உண்டு: மே மாதத்து மாலையில் மொட்டைமாடித் தொட்டியின் ‘குளிர்ந்த’ நீரே சுடும் என்பதால், தொட்டிக்கு நிழலும் வெப்பக் காப்பும் தேவை. வெந்நீரை 60 டிகிரிக்கும் குறைவான வெப்பத்தில் சேமிப்பது சிக்கனமாகத் தோன்றினாலும் ஆபத்தானது. 1976இல் பிலடெல்ஃபியாவில் அமெரிக்கன் லீஜன் மாநாட்டினரைத் தாக்கிய நோயை ஆராய்ந்தபோது முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட லீஜனெல்லா என்னும் நுரையீரல் நோய்க் கிருமி, 20 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய நீரில் பெருகி, ஷவரின் நுண்திவலைகளோடு மூச்சில் ஏறும். ஆகவே தொட்டியில் 60 டிகிரி வைத்து, ஷவருக்குச் சற்று முன் வெப்பம் சீராக்கும் கலப்பு வால்வு பொருத்துவதும், பயனற்ற குழாய்முனைகளை விட்டுவைக்காமல் வெட்டி அடைப்பதுமே வழி. அகன்ற மழை ஷவருக்குப் பத்து மீட்டர் உயரத் தொட்டியின் ஒரு பார் அழுத்தம் போதாது. அழுத்தப் பம்பு இல்லாவிட்டால் விலையுயர்ந்த ஷவரும் வாளியில் ஓட்டை போட்டதுபோல்தான் ஒழுகும்.

லாக்கரும் பொருத்துகளும்

லாக்கர்களின் எண்ணிக்கையை உறுப்பினர் பட்டியலைக் கொண்டன்றி, மாலை ஆறு முதல் எட்டு மணி வரை ஒரே சமயத்தில் உள்ளே இருப்போரைக் கொண்டு கணக்கிட வேண்டும். 300 மி.மீ. அகலமும் 500 மி.மீ. ஆழமும் 1,800 மி.மீ. உயரமும் உள்ள முழு லாக்கரில் தொங்கும் உடை கசங்காது. கிரிக்கெட் பை இதில் நுழையாது. அதற்குத் தனி வைப்பிடம் ஒதுக்காவிட்டால் பைகள் நடைவழியை அடைத்துக்கொள்ளும். லாக்கர் வரிசை 150 மி.மீ. உயரத் திண்டின்மேல் நின்றால் துடைப்பத் தண்ணீர் அடியில் புகாது. பெஞ்சுக்கு 450 மி.மீ. உயரமும், எதிரெதிர் பெஞ்சுகளின் விளிம்புகளுக்கிடையே குறைந்தது 1,200 மி.மீ. இடைவெளியும் வேண்டும், 1,500 இருந்தால்தான் உயர்தரம் என்ற சொல் பொருந்தும். லாக்கரின் உடலுக்கு வெறும் மரப்பலகையைவிட, நீர் உறிஞ்சாத காம்பாக்ட் லேமினேட் என்னும் அடர்தட்டு நல்லது. மரத்தின் இதம் விரும்புவோர் கதவின் முகப்பில் மட்டும் தேக்கைப் பயன்படுத்தலாம். மின்பூட்டுத் தேர்ந்தால், மின்கலம் தீர்ந்துபோகும் இரவில் திறக்கும் வழி யாரிடம் இருக்கிறது என்பதும் அப்போதே முடிவாக வேண்டும்.

கீல், கொக்கி, கைப்பிடி ஆகியவற்றுக்கு 304 தர எஃகைப் பயன்படுத்தினால், கடற்காற்றில் சில மாதங்களிலேயே அதில் தேநீர் சிந்தியதுபோல் பழுப்புக் கறை ஏறும்; மாலிப்டினம் கலந்த 316 தரமே கடலோரத்துக்கு உரியது. முகக்கண்ணாடிக்கு ஒளி மேலிருந்து விழுந்தால் கண்குழி இருண்டு யாரும் நோயாளிபோல் தெரிவர். விளக்குகளை இருபுறமும் முக உயரத்தில் வைக்க வேண்டும். ஈரப்பகுதியின் மின்சுற்றுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் கட்டாயம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அறை, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கேட்கிறது என்பதற்காக மூலையில் ஒட்டவைக்கும் சேர்க்கையாக இருக்கக் கூடாது. சக்கர நாற்காலி திரும்ப 1,500 மி.மீ. விட்ட வெளியும், 900 மி.மீ. அகலக் கதவும், சுமார் 450 மி.மீ. உயர இருக்கையும், பற்றிக்கொள்ளும் கம்பிகளும் மற்ற அறைகளுக்குரிய அதே கல்லாலும் உலோகத்தாலும் அமைந்தால், மூட்டுவலியுள்ள மூத்த உறுப்பினரும் கூச்சமின்றி அதைப் பயன்படுத்துவார். சுவருக்குள் மறைந்த தொட்டிகளும் குழாய்களும் பழுதாகும்போது டைலை உடைக்காமல் பிளம்பர் நுழைய, கழிப்பறை வரிசைக்குப் பின்னால் ஓர் ஆள் புகும் அகலத்தில் குழாய் இடுக்கு விட்டிருக்க வேண்டும். இடுக்குக்குப் போகும் கதவும் பணியாளரின் நடைவழியில் திறக்க வேண்டும்.

கட்டி முடித்த அறையை ஏற்பதற்குமுன், டைல் பதிப்பதற்கு முன்பே தளத்தில் நீர் தேக்கி 48 மணி நேரம் வைத்து, கீழ்த்தளக் கூரையில் ஓதம் தெரிகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். ஏற்கும் நாளில் ஒவ்வொரு ஷவர்த் தடுப்பின் தூர மூலையிலும் ஒரு வாளி நீரை ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும்: எங்கேனும் நீர் தேங்கி நின்றால், இறுதித் தொகையைக் கொடுப்பதற்குமுன் அந்தக் கல்லைப் பெயர்த்து மீண்டும் பதிக்கச் சொல்ல வேண்டும்.